படகுப் பொறி கண்ட ஓலே எவின்ரூட்

சங்கரன்கோவிலுக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் புளியங்குடி. எலுமிச்சைத் தோட்டங்களால் பெயர் பெற்றது. மின்சாரம் எல்லாக் கிணறுகளையும் எட்டாதிருந்த காலத்தில், இத்தோட்டங்களுக்கு நீர் இறைத்தவை ஆயில் எஞ்சின்களே. விடியற்காலையில் அவை எழுப்பும் ஓசை மலைச்சரிவு வரை சென்று மீளும். யான் சிறுவனாயிருந்தபோது எஞ்சினைப் பார்ப்பதற்கென்றே தோட்டத்திற்குச் செல்வதுண்டு. எஞ்சின் ஓட்டுபவர் சிறிது நேரத்திற்கு ஒருமுறை வாய்க்காலண்டை வந்து, ஒரு சிறிய குழாயிலிருந்து விழும் நீரில் கையை நீட்டுவார். பின் ஒன்றும் பேசாது திரும்பிவிடுவார். ஒரு நாள் யானும் கையை நீட்டினேன். கிணற்றுநீர் குளிர்ந்திருக்க, அக்குழாய் நீர் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

அதன் காரணத்தை அவரே விளக்கினார். கிணற்றிலிருந்து ஏறும் நீரில் ஒரு சிறு பகுதி பிரிந்து சென்று எஞ்சினின் உடலைச் சுற்றி ஓடுகிறது. ஆங்குள்ள சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறது. வரும் நீர் வெதுவெதுப்பாக இருந்தால் எஞ்சின் நலமாக இருக்கிறது. கை பொறுக்காத சூடாக வந்தால் ஏதோ கோளாறு. நீரே வாராது நின்றுவிட்டால் உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். மருத்துவர் நாடி பார்ப்பது போன்றதே அவர் நீரில் கை நீட்டியதும்.

கிணற்றங்கரையில் கண்ட இவ்வேற்பாடே கடலிலும் ஏரியிலும் ஓடும் சிறு படகுகளின் பொறியிலும் உள்ளது. படகின் பின்புறத்தில் மாட்டவும் வேண்டும்போது கழற்றவும் கூடிய அப்பொறியை உலகெங்கும் பரவச்செய்தவர் ஓலே எவின்ரூட் என்பார். பெரும் படிப்போ பெருஞ்செல்வமோ இன்றித் தம் கைத்திறத்தால் உயர்ந்த அவரது வரலாற்றை இனிக் காண்போம்.

ஓலே எவின்ரூட் 1877-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் நார்வே நாட்டில் ஓர் உழவர் குடியில் பிறந்தார். அவர் ஐந்து அகவைக் குழந்தையாயிருக்கும்போதே குடும்பம் கடல் கடந்து அமெரிக்கா சென்றது. விசுகான்சின் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ் என்னும் சிற்றூரின் அருகே, ரிப்ளி ஏரிக்கரையில் அவர்கள் குடியேறினர். ஏரியும் படகும் ஓலேயின் மனத்தை இளமையிலேயே பற்றிக்கொண்டன. வயல்வேலையில் அவருக்கு நாட்டம் செல்லவில்லை. பள்ளியிற் படித்த ஆண்டுகளும் மிகச் சிலவே. ஆனால் ஒரு பொருளைக் கண்டால் அதன் உள்ளே என்ன இருக்கிறது, எது எதனை இயக்குகிறது என்று ஆராயும் கண் அவருக்கு இயல்பாகவே வாய்த்திருந்தது. பதின்பருவத்திலேயே பாய்மரப் படகு ஒன்றைத் தாமே கட்டி ஏரியில் விட்டார்.

பதினாறு அகவை நிரம்பியபோது வீட்டை விட்டு மாடிசன் நகரம் சென்று, வேளாண் கருவிகளைப் பழுது பார்க்கும் பட்டறைகளில் வேலை பழகினார். பின்னர்ப் பிட்சுபர்க்கிலும் சிகாகோவிலும் இரும்பாலைகளிலும் எந்திரப் பட்டறைகளிலும் உழைத்தார். பகலெல்லாம் இரும்போடு போராடுவார். இரவில் பொறியியல் நூல்களைத் தாமே பயில்வார். அந்நாளில் பெட்ரோலால் ஓடும் எஞ்சின் புதுமையானது. அதன் நுட்பத்தை அறிந்தோர் சிலரே. அச்சிலருள் ஒருவராகத் தம்மை ஆக்கிக்கொண்டு, 1900-ஆம் ஆண்டளவில் மில்வாக்கி நகரில் கூட்டாளி ஒருவருடன் எஞ்சின் செய்யும் தொழில் தொடங்கினார். தொழில் வளரவில்லை. கூட்டு முறிந்தது. மீண்டும் தொடங்கினார், மீண்டும் தளர்ந்தார்.

அக்காலத்தில் அவருக்கு அறிமுகமானவர் பெஸ் கேரி என்னும் நங்கை. கணக்கு எழுதுவதிலும் கடிதம் வரைவதிலும் தேர்ந்தவர். ஓலேயின் அலுவலகத்தில் குவிந்துகிடந்த தாள்களை ஒழுங்குபடுத்தித் தரும் பணியை அவர் மேற்கொண்டார். ஓலே பேச்சில் குறைந்தவர். பெஸ்ஸோ சொல்வன்மை மிக்கவர். இவ்விருவர் சேர்க்கையினாலேயே பின்னர் அத்தொழில் வாழ்ந்தது.

1906-ஆம் ஆண்டு வேனிற்காலத்தில் ஒரு நாள், இருவரும் நண்பர்களுடன் ஒகாச்சி என்னும் ஏரிக்கரைக்கு உலாச் சென்றனர். வெயில் மிகக் கடுமையாயிருந்தது. பெஸ்ஸுக்கு ஐஸ்கிரீம் உண்ணும் விருப்பம் எழுந்தது. அது கிடைக்குமிடம் ஏரியின் மறுகரை. ஏறத்தாழ இரண்டரை மைல் தொலைவு. ஓலே உடனே துடுப்பை எடுத்தார். உடல் வலிமை மிக்கவராயினும், வெயிலில் போக வர ஐந்து மைல் துடுப்பு வலித்தல் எளிதன்று. அவர் திரும்பி வந்து சேர்வதற்குள் ஐஸ்கிரீம் உருகி நீராயிற்று. துடுப்புப் பிடித்த கைக்கு மாற்றாக ஒரு பொறி இருந்திருந்தால் என்னும் எண்ணம் அன்று அவருள்ளத்தில் வேரூன்றியது. இக்கதையை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவோர் பலர். உருகிய ஐஸ்கிரீமிலிருந்து ஓடும் எஞ்சின் பிறப்பதற்கு இடையே மூன்றாண்டு உழைப்பு இருந்தது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

அவ்வாண்டு இறுதியில் ஓலேயும் பெஸ்ஸும் மணம் புரிந்துகொண்டனர். மறு ஆண்டு ஓலே தம் முதற்பொறியைச் செய்தார். இரும்பும் பித்தளையுமாக உருவான அதனைக் கண்ட பெஸ், காப்பிக் கொட்டை அரைக்கும் எந்திரம் போலிருக்கிறதே என்று நகைத்தாராம். ஓலே சினவாமல் அதனை மேலும் மேலும் திருத்தினார். ஈண்டு ஓர் உண்மையைக் கூறுதல் கடமையாகும். படகில் மாட்டும் பொறியை முதன்முதல் எண்ணியவர் எவின்ரூட் அல்லர். கேமரன் வாட்டர்மன் என்பார் 1905-ஆம் ஆண்டிலேயே அத்தகைய பொறி ஒன்றை ஓட்டிக் காட்டியிருந்தார்; அவருக்கு முன்னும் சிலர் முயன்றிருந்தனர். நம்பி வாங்கவும் எளிதில் ஓட்டவும் தக்கதாக அதனை ஆக்கிப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்ததே எவின்ரூட்டின் புகழ்.

1909-ஆம் ஆண்டு பொறி நிறைவு பெற்றது. உருளை ஒன்று, ஆற்றல் ஒன்றரைக் குதிரைத்திறன், எடை 62 பவுண்டு, விலை 62 டாலர். எஞ்சின் மேலே கிடையாக இருக்கும். அதிலிருந்து ஓர் அச்சுத்தண்டு நீருக்குள் நேரே இறங்கும். அதன் அடியில் பற்சக்கரங்கள் திசையை மாற்றிச் சுழல்விசிறியைச் சுழற்றும். நண்பர் ஒருவர் அப்பொறியை இரவல் வாங்கிச் சென்று ஏரியில் ஓட்டிக் காட்டினார். திரும்பி வரும்போது பத்துப் பொறிகளுக்கு விலைப்பணத்தையும் கையோடு கொண்டுவந்தார். ஓலேயின் முதல் வாணிகம் அதுவே.

மாணவர்களே, இப்பொறியின் உள்ளே நிகழ்வதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். எஞ்சினின் உருளைக்குள் எரிபொருள் ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் அங்கு எழும் வெப்பம் செல்சியசு அளவில் 2000 பாகையையும் கடக்கும். அலுமினியம் 660 பாகையில் உருகும். இரும்பு ஏறத்தாழ 1540 பாகையில் உருகும். அவ்வாறாயின் எஞ்சின் உருகிப் போகாதது ஏன்? அவ்வெப்பம் ஒரு நொடியின் மிகச் சிறு பகுதியே நிலவுகிறது என்பது ஒரு காரணம். உருளைச் சுவர் ஏற்கும் சூட்டை இடையறாது வெளியே கொண்டுபோக வழி செய்யப்பட்டிருக்கிறது என்பது மற்றொன்று. காரில் அதற்கென நீர்த்தொட்டியும் விசிறியும் உள்ளன. சிறு படகிலோ சுமை கூடாது. ஆதலின், படகு மிதக்கும் நீரையே உறிஞ்சி, உருளையைச் சுற்றியுள்ள நீர்ச்சட்டையில் ஓடவிட்டு, மீண்டும் ஏரிக்கே திருப்பிவிடும் முறையை எவின்ரூட் தம் பொறியிற் கொண்டார். நம் தோட்டத்து எஞ்சின் கிணற்றுநீரைக் கடன் வாங்கித் திருப்பித் தருவது போலவே இது.

இக்காலப் பொறிகளில் நீரை ஏற்றுவது, அடிப்பகுதியில் அச்சுத்தண்டோடு சுழலும் ஒரு ரப்பர்ச் சக்கரம். அதன் இதழ்கள் வளைந்து நிமிர்ந்து நீரை மேலே தள்ளும். நீர் தலைப்பகுதியை அடைந்ததும் அங்கே ஒரு வெப்பக் கதவம் காவல் நிற்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் அது மூடியிருக்கும். குறித்த சூடு ஏறியதும் தானே திறக்கும். காரில் இக்கதவம் 80, 90 பாகையிற் திறப்பது வழக்கம். படகுப் பொறியிலோ 50 முதல் 60 பாகையை ஒட்டியே திறக்குமாறு அமைப்பர். கடல்நீர் மிகச் சூடேறினால் அதிற் கரைந்துள்ள உப்புகள் குழாய்ச் சுவரிற் படிந்து வழியை அடைத்துவிடும் என்பதே அதற்குக் காரணம்.

இனி, நம் கரைக்கு வருவோம். 1980-களிலிருந்து தமிழகக் கடற்கரையில் வள்ளங்களிலும் கட்டுமரங்களிலும், பின்னர்க் கண்ணாடியிழைப் படகுகளிலும் இத்தகைய பொறிகள் பரவின. தூத்துக்குடி முதலாய கரைகளில், பொறி ஓடத் தொடங்கியவுடன் மீனவர் பின்னே திரும்பிப் பார்ப்பதைக் காணலாம். பொறியின் பக்கத்தில் ஒரு சிறு துளையிலிருந்து நூலிழை போல் நீர்த்தாரை பீறிட்டு விழும். அத்தாரை விழுந்தால் நீரேற்றி வேலை செய்கிறது என்பது பொருள். தாரை மெலிந்தாலோ நின்றாலோ பொறியை உடனே அணைக்க வேண்டும். கரை கண்ணுக்குத் தெரியாத தொலைவில் எஞ்சின் சுட்டு இறுகிப்போனால், படகு அலையின் கையிலும் காற்றின் கையிலும் அன்றோ சிக்கும்? பொறி வாங்கிய கடன் ஒரு புறம். ஆளின் உயிர் மறுபுறம். ஆதலால் அந்நூலிழைத் தாரை அவர்களுக்குச் சிறு பொருளன்று.

தாரை நின்றதும் நீரேற்றியே கெட்டது என்று முடிவு செய்தல் தவறு. நீர் புகும் வாயைப் பாசியோ பாலிதீன் பையோ மூடியிருக்கலாம்; தாரை விழும் துளையையே மணல் அடைத்திருக்கலாம். ஆகவே முதலில் புகுவாயைத் துடைத்து, மெல்லிய கம்பியால் துளையைத் துழாவிப் பார்ப்பர். இதற்கு மாறான நிலையும் உண்டு. தாரை நன்றாக விழுந்துகொண்டேயிருக்கும், பொறியோ கொதிக்கும். பல பொறிகளில் அத்தாரை நீர் மேலே ஏறியது என்பதைக் காட்டுமேயன்றி, எஞ்சினின் உள்வழிகள் எல்லாவற்றிலும் ஓடியது என்பதைக் காட்டாது. வெப்பக் கதவம் திறவாது ஒட்டிக்கொண்டாலும், உள்வழியில் உப்புப் படிந்தாலும் இந்நிலை நேரும். தாரையை மட்டும் நம்பி ஏமாந்தவர் உண்டு என்பதாலேயே இதனை விரித்துக் கூறுகின்றேன்.

தேர்ந்த பழுதுபார்ப்பவர் சூடு எப்போது ஏறுகிறது என்று முதலில் வினவுவார். மெல்ல ஓடும்போது சூடேறி, விரைந்து ஓடும்போது தணிந்தால், ரப்பர்ச் சக்கரத்தின் இதழ்கள் தேய்ந்திருக்கக் கூடும் என்று கருதுவார். விரைவில் மட்டும் சூடேறினால், தேவைக்கு வேண்டும் நீர் எங்கோ தடைப்படுகிறது என்று வழிகளைச் சோதிப்பார். இரண்டு உருளைகள் உள்ள பொறியில் ஒன்றின் தலையையும் மற்றொன்றின் தலையையும் வெப்பமானி கொண்டு அளந்து ஒப்பிடுவார். இரண்டும் ஒருபடித்தாய்ச் சூடேறினால் குறை பொதுவானது. ஒன்று மட்டும் மிகுந்தால் குறை அவ்வுருளையின் பக்கத்தது. தொடாமலே சூட்டைக் காட்டும் கைக்கருவிகள் இன்று கடைகளிற் கிடைக்கின்றன. எண்ணெய் குறைவாகக் கலந்தாலும், எரிபொருள் போதாமல் காற்று மிகுந்து எரிந்தாலும் சூடு ஏறும் என்பதால், நீர்வழி நலமாயிருந்தால் அவற்றையும் ஆராய்வார்.

சூடு மிகுவதே நோய் என்று எண்ணற்க. சூடு குறைவதும் நோயே. வெப்பக் கதவம் மூடாது திறந்தே கிடந்தால் எஞ்சின் எவ்வளவு ஓடினும் வேண்டிய சூட்டை அடையாது. நம் கரைகளில் மண்ணெண்ணெயால் ஓடும் பொறிகள் பல. அவற்றைப் பெட்ரோலால் தொடங்கிச் சூடேறிய பின்பே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் நன்கு ஆவியாகாது, புகை கக்கும், தீப்பொறிக் கட்டையில் கரி படியும். கொதித்துப்போன எஞ்சின்மேல் அவசரப்பட்டுக் குளிர்நீர் ஊற்றுவதும் தீது. உலோகம் ஒரு பக்கம் சுருங்கி வெடித்துவிடலாம். கடலிலிருந்து திரும்பியதும் நன்னீரை உள்ளே ஓட்டி உப்பைக் கழுவுவது கரையில் செய்ய வேண்டிய பணி. நீரின்றிப் பொறியைச் சிறிது நேரம் ஓட்டிப் பார்ப்பதும் ரப்பர்ச் சக்கரத்தைக் கருக்கிவிடும்.

எவின்ரூட்டின் வரலாற்றிற்கு மீள்வோம். பொறியைச் செய்தவர் ஓலே; உலகறியச் செய்தவர் பெஸ். துடுப்பை எறிந்துவிட்டுப் பொறியைக் கைக்கொள்ளுமாறு அழைக்கும் விளம்பரத்தை எழுதியவர் அவரே. பகலில் குழந்தை ரால்பையும் இல்லத்தையும் பேணி, வந்து குவியும் கடிதங்களுக்கு விடை எழுதி, கணக்கும் பார்த்தார். கிறிஸ் மேயர் என்பார் முதல் கொடுத்துக் கூட்டாளியானார். நியூயார்க்கில் இருந்த ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் வழியாக நார்வே முதலிய வட ஐரோப்பிய நாடுகளின் மீனவர் பெருவாரியாகப் பொறிகளை வாங்கினர். ஐந்து அகவையில் விட்டுவந்த தாய்நாட்டுக் கரைகளுக்கு ஓலேயின் பெயர் இவ்வாறு திரும்பிச் சென்றது. 1911-ஆம் ஆண்டு அவருக்குக் காப்புரிமையும் கிட்டியது.

இந்நிலையில் பெஸ்ஸின் உடல்நலம் குன்றியது. ஓய்வின்றி உழைத்ததன் விளைவு அது. தொழிலா மனைவியா என்னும் வினா எழுந்தபோது ஓலே தயங்கவில்லை. 1914-ஆம் ஆண்டளவில் தம் பங்கு முழுவதையும் மேயருக்கு விற்றுவிட்டார். ஐந்தாண்டு படகுப்பொறித் தொழிலில் புகுவதில்லை என்று உறுதியும் தந்தார். தம் பெயர் தாங்கிய தொழிற்சாலை பிறர் கைக்குப் போயிற்று. அவரோ மனைவியையும் மகனையும் அழைத்துக்கொண்டு நாடெங்கும் பயணம் சென்றார். தொழில் உலகத்தார் இதனை இழப்பென்றனர். யான் அவ்வாறு கருதவில்லை. பெஸ் அதன் பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வாழ்ந்தார்.

ஊர் சுற்றிய காலத்திலும் ஓலேயின் கை சும்மா இருக்கவில்லை. முந்திய பொறியின் குறை அதன் சுமை என்பதை அவர் நன்கறிவார். இரும்பிற்கும் பித்தளைக்கும் மாற்றாக அலுமினியத்தைப் பெரிதும் கொண்டு, இரட்டை உருளைப் பொறி ஒன்றை வரைந்தார். ஆற்றல் மூன்று குதிரைத்திறன். எடையோ 48 பவுண்டே. இருமடங்கு வலிமை, எடையிற் குறைவு! ஐந்தாண்டு முடிந்ததும், பழைய கூட்டாளியிடமே அதனை முதலிற் கொண்டுசென்றார். மேயர் அதனை ஏற்கவில்லை. அவர் மறுத்தது ஓலேயின் நற்பேறு என்றே சொல்ல வேண்டும்.

தம் பெயரையே தம் பொறிக்கு இடும் உரிமை அப்போது ஓலேயிடம் இல்லை. பெஸ் அதற்கும் ஒரு வழி கண்டார். எவின்ரூட்டின் இலேசான இரட்டை உருளைப் படகுப்பொறி என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்து எல்ட்டோ என்று பெயர் சூட்டினார். 1921-ஆம் ஆண்டு எல்ட்டோ நிறுவனம் தோன்றியது. தம் பெயரையே எதிர்த்துத் தாமே போட்டியிடும் விந்தையான நிலை ஓலேக்கு வாய்த்தது. இலேசான பொறியை மக்கள் விரும்பி வாங்கினர். ஆனால் பிற நிறுவனங்களும் விரைந்து வளர்ந்தன. ஜான்சன் என்னும் பெயருடைய பொறிகள் வேகத்தில் முந்தின. ஓலே தம் பொறியை மீண்டும் திருத்தினார்.

1929-ஆம் ஆண்டு எல்ட்டோவும், பழைய எவின்ரூட் நிறுவனமும், லாக்வுட் என்னும் மற்றொன்றும் இணைந்து ஒரே நிறுவனமாயின. தலைமையை ஏற்றவர் ஓலே. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் விட்டுக்கொடுத்த பெயர் அவரிடமே திரும்பி வந்தது. அதே ஆண்டு இறுதியில் அமெரிக்காவில் பெரும்பொருளாதார வீழ்ச்சி நேர்ந்தது. உல்லாசப் படகு வாங்குவார் அருகினர். அந்நெருக்கடியிலும் தொழிலை மூழ்கவிடாது காத்தனர் தந்தையும் மகனும்.

1933-ஆம் ஆண்டு பெஸ் காலமானார். ஓலே அதன் பின் நெடுநாள் வாழவில்லை. 1934-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 12-ஆம் நாள், 57-ஆம் அகவையில், மில்வாக்கியில் உயிர் நீத்தார். மகன் ரால்ப் தொழிலை ஏற்று, 1936-ஆம் ஆண்டு ஜான்சன் நிறுவனத்தையும் தம்மோடு இணைத்தார். அவ்வாறு எழுந்த பெருநிறுவனம் 2000-ஆம் ஆண்டு நொடித்தது. பெயரை வேறொரு நிறுவனம் வாங்கி நடத்தியது. 2020-ஆம் ஆண்டு எவின்ரூட் பொறிகள் செய்வதை அதுவும் நிறுத்திவிட்டது. முன்னர் விற்றவை மட்டும் பல நாட்டு ஏரிகளிலும் கடல்களிலும், பக்கத்தே நீர்த்தாரை வீச, இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.